ஒரு வெள்ளிக் கட்டணமும் ஓட்டுப் பெட்டியும்



பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஜாலான் பேராக் அரசாங்கக் கிளினிக்கைத் தெரியாதவர்கள் குறைவு. காலையில் அங்கே எண் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்களைப் பார்த்தால், ஒரு பாதுகாவலர், ஓர் உணவுக்கடைப் பணியாளர், பேரப்பிள்ளையைத் தூக்கி வந்த பாட்டி, இனிப்புநீருக்கு மாத்திரை வாங்க வந்த முதியவர் என்று பலதரப்பட்ட மக்கள் தெரிவார்கள். வெளிநோயாளியாக மருத்துவரைப் பார்க்கும் ஒரு மலேசியக் குடிமகன் அங்கே செலுத்துவது 1 வெள்ளி. பரிசோதனை, மருந்து எல்லாம் அந்த 1 வெள்ளிக்குள் அடக்கம். சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் ஒரு நாளுக்கு 3 வெள்ளி.

இந்தக் கட்டணங்களுக்கு அடிப்படை 1951-ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டமும், அதன் கீழ் 1982-இல் பிறப்பிக்கப்பட்ட மருத்துவக் கட்டண உத்தரவும் ஆகும். 1982-இல் ஒரு வெள்ளிக்கு வயிறாரச் சாப்பிட முடிந்தது. இன்று ஒரு தே தாரிக்கே அது போதாது. விலைவாசி எல்லாம் ஏறியும் இந்த 1 வெள்ளி மட்டும் ஏன் ஏறவில்லை? அரசாங்கத்திற்குப் பணம் வேண்டாமா? உயர்த்தலாம் என்ற யோசனை எழும் போதெல்லாம் அரசியல்வாதிகள் ஏன் பின்வாங்குகிறார்கள்? நோயாளியிடம் கட்டணம் வசூலிப்பதை எதிர்ப்பது வெறும் ஓட்டு வேட்டையா, அல்லது அதில் நியாயமும் உண்டா? இன்றைய உரை இந்தக் கேள்விகளைப் பற்றியது.

1999: பினாங்கிலிருந்து எழுந்த குரல்

ஏழாவது மலேசியத் திட்டம் 1996 முதல் 2000 வரையிலான காலத்திற்குரியது. மருத்துவச் சேவையை நேரடியாக வழங்கும் பொறுப்பை அரசாங்கம் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும், மருத்துவமனைகள் நிறுவனமயமாக்கப்படும் என்ற கருத்து அதில் இடம்பெற்றிருந்தது. இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. தேசிய இருதய நிலையம் 1992-இலேயே நிறுவனமாக மாற்றப்பட்டிருந்தது. அரசாங்க மருந்துக் கிடங்கு 1994-இல் தனியாரிடம் போனது. மருத்துவமனைத் துப்புரவு, சலவை, கழிவு அகற்றல், இயந்திரப் பராமரிப்பு ஆகிய வேலைகளும் அதைத் தொடர்ந்து குத்தகைக்குப் போயின. அடுத்தது மருத்துவமனைகளே என்ற நிலை 1999-இல் வந்தது.

அந்தத் திட்டத்தை எதிர்த்து எழுந்த குரல்களில் முக்கியமானது பினாங்கிலிருந்து வந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சான் சீ கூன் போன்றவர்கள் முன்னின்ற 'சிட்டிசன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்னும் குடிமக்கள் குழு, சுகாதாரம் குறித்து ஒரு கோரிக்கைப் பத்திரத்தைத் தயாரித்தது. பொது அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அதற்கு ஆதரவு திரட்டின. நிறுவனமயமான மருத்துவமனை தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும்; அப்படியானால் நோயாளியின் கட்டணம் உயர்ந்தே தீரும் என்பது அவர்களின் வாதம். இருதய நிலையத்தின் கட்டணங்களையே அவர்கள் உதாரணமாகக் காட்டினார்கள்.

அது பொதுத் தேர்தல் நெருங்கிய நேரம். 1999 நவம்பர் 29-இல் மக்கள் வாக்களித்தார்கள். அதற்கு முன்னதாகவே மருத்துவமனைகளை நிறுவனமயமாக்கும் திட்டத்தை அரசாங்கம் ஒத்திவைத்துவிட்டது. இந்நாட்டில் சுகாதாரக் கட்டணத்தை எதிர்த்த அரசியலுக்குக் கிடைத்த பெரிய வெற்றி அதுவே எனலாம்.

மீண்டும் மீண்டும் திரும்பி வந்த யோசனை

ஆனால் ஒத்திவைக்கப்பட்டது வேறு வேறு பெயர்களில் திரும்பி வந்தது. 2007-இல் புத்ராஜெயா, செலாயாங் மருத்துவமனைகளில் முழுக் கட்டண நோயாளித் திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. கூடுதல் பணம் செலுத்துபவர், தாம் விரும்பும் சிறப்பு மருத்துவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அந்த ஏற்பாடு. 2008 டிசம்பரில் தேசிய இருதய நிலையத்தின் பெரும்பான்மைப் பங்கை சைம் டார்பி நிறுவனம் வாங்க முன்வந்தது. எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் சில நாட்களிலேயே அந்த யோசனை கிடப்பில் போடப்பட்டது.

இதற்கிடையே, சுகாதாரச் சேவை தனியார்மயமாவதை எதிர்க்கும் கூட்டணி ஒன்று உருவாகி நாடு முழுவதும் விளக்கக் கூட்டங்களை நடத்தியது. அதில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ். 2008 மார்ச் 8-இல் நடந்த பொதுத் தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதியில் ம.இ.கா. தலைவர் டத்தோ ஸ்ரீ ச. சாமிவேலுவைத் தோற்கடித்தவர் இவரே. ஒரு மருத்துவர் நாடாளுமன்றத்திற்குச் சென்று மருத்துவக் கட்டணம் பற்றிக் கேள்வி எழுப்பியது பலரின் கவனத்தை ஈர்த்தது.

பிறகு வந்தது 'ஒன் கேர்' திட்டம். சுகாதார அமைச்சு 2009-இல் இதன் கருத்துருவைத் தயாரித்தது. வேலை செய்பவர்களும் முதலாளிகளும் அரசாங்கமும் ஒரு காப்புறுதி நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கிளினிக்கில் பதிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் மருந்தை எழுதித் தர, அதை மருந்தகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பன அதில் பேசப்பட்டன. சம்பளத்திலிருந்து எவ்வளவு பிடிப்பார்கள், மருத்துவரைப் பார்க்கும்போது மேலும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. அதனால் 2012-இல் 'தாக் நா ஒன் கேர்', அதாவது 'ஒன் கேர் வேண்டாம்' என்ற இயக்கம் பரவியது. இது வெறும் கருத்துருதான், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2013 பொதுத் தேர்தலுக்குப் பிறகு அந்தப் பெயரும் மெல்ல மறைந்தது.

2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 'ராக்கான் கே.கே.எம்.' என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அரசாங்க மருத்துவமனையிலேயே கூடுதல் கட்டணத்திற்கு விரைவான சேவை என்பது அதன் சாரம். அப்போதும் அதே பழைய கேள்விதான் எழுந்தது. பணம் கட்டுபவரை மருத்துவர் முதலில் பார்த்தால், கட்ட முடியாதவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

மறுபக்க நியாயம்

கட்டணத்தை ஆதரிப்பவர்கள் எல்லாரையும் ஏழைகளின் எதிரி என்று ஒதுக்குவது சரியாகாது. அவர்கள் சுட்டிக்காட்டும் சிரமங்கள் உண்மையானவை.

முதலாவது, செலவு. 2025-இல் சுகாதார அமைச்சுக்கு 4,530 கோடி ரிங்கிட், அதாவது 45.3 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. நோயாளிகள் கட்டும் கட்டணம் அதில் மிகச் சிறிய துளி. மக்கள்தொகை முதுமையடைகிறது, மருந்துகளின் விலை ஏறுகிறது. இந்தச் செலவு குறையப் போவதில்லை.

இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் 'ஹர்த்தால்' நடத்தி வெளிநடப்புச் செய்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிரந்தர வேலை கிடைக்காதவர்கள், சம்பளம் போதாதவர்கள் தனியார் மருத்துவமனைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள். பினாங்கில் இந்த இழுப்பு அதிகம். சுமத்ராவிலிருந்து சிகிச்சைக்காக வருபவர்களால் இங்குள்ள தனியார் மருத்துவமனைகள் வளர்ந்திருக்கின்றன. அவை தேடும் அனுபவமிக்க மருத்துவர்கள் பலரும் அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர்களே.

மூன்றாவது, வசதியுள்ளவரும் அதே 1 வெள்ளியைத்தான் கட்டுகிறார் என்ற குறை. பெரிய காரில் வந்து இறங்குபவருக்கும் பேருந்தில் வருபவருக்கும் ஒரே கட்டணம் நியாயமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கான பதிலை மருத்துவமனை முகப்பில் தேட வேண்டுமா, வருமான வரி அலுவலகத்தில் தேட வேண்டுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது.

வெளிநாடுகள் கற்ற பாடம்

மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் விதித்துப் பார்த்து, பிறகு கைவிட்ட நாடுகள் சில உண்டு.

ஜெர்மனியில் 2004 முதல் மூன்று மாதத்திற்கு ஒரு முறை, முதல் சந்திப்பின்போது 10 யூரோ கட்ட வேண்டியிருந்தது. தேவையற்ற வருகைகளைக் குறைப்பது நோக்கம். எதிர்பார்த்த பலன் நிலைக்கவில்லை. கிளினிக்குகளுக்கோ பணம் வாங்குவதும் கணக்கு எழுதுவதும் கூடுதல் வேலையாயிற்று. 2012 நவம்பரில் நாடாளுமன்றம் ஒருமனதாக அதை நீக்க வாக்களித்தது. 2013 ஜனவரி 1 முதல் கட்டணம் இல்லை.

ஹங்கேரியில் 2007-இல் ஒவ்வொரு வருகைக்கும் 300 ஃபோரிண்ட் விதிக்கப்பட்டது. அது பெரிய தொகை அல்ல. ஆனாலும் எதிர்க்கட்சி அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது. 2008 மார்ச் 9-இல் வாக்களித்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கட்டணம் வேண்டாம் என்றார்கள். அடுத்த மாதமே அது எடுக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் 2014-இல் பிரதமர் டோனி அபோட்டின் அரசாங்கம் 7 டாலர் கட்டணத்தை முன்மொழிந்தது. மேலவையில் ஆதரவு கிடைக்காமல், கட்டண யோசனையை 2015 மார்ச்சில் முற்றிலும் கைவிட்டது. பிரிட்டனில் 1951-இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க முடிவான போது, இலவச மருத்துவச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். இங்கிலாந்தில் இன்றும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் பொதுச் சேவையில் மருத்துவரைப் பார்ப்பது இலவசமாகவே இருக்கிறது.

இவை அரசியல் நிகழ்வுகள். ஆய்வு என்ன சொல்கிறது? அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970-களில் தொடங்கி 1982 வரை ஆயிரக்கணக்கானோரை வைத்து ஒரு பெரிய பரிசோதனையை நடத்தியது. சிலருக்கு மருத்துவம் முழு இலவசம். மற்றவர்கள் செலவில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும். கட்டணம் கட்டியவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை. தேவையான சிகிச்சையையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள். பெரும்பாலோருக்கு உடல்நிலையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வருமானம் குறைந்த, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களிடம் வேறுபாடு தெரிந்தது. இலவசமாகச் சிகிச்சை பெற்றவர்களின் இரத்தக் கொதிப்பு மேலும் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது.

காரணம் எளிது. நெஞ்சு வலி சாதாரண வாயுவா, மாரடைப்பின் தொடக்கமா என்பதை நோயாளி தாமே முடிவு செய்ய முடியாது. அதை அறியத்தான் மருத்துவரிடம் போகிறார். கட்டணம் அதிகமாக இருந்தால், மருத்துவர் செய்ய வேண்டிய அந்த முடிவைப் பணப்பை செய்துவிடும்.

இந்தியச் சமூகத்திற்கு இதில் என்ன?

இது எல்லா இனத்தவருக்கும் பொதுவான பிரச்சினை. ஆயினும் இந்தியச் சமூகத்தை இது ஒரு படி கூடுதலாகப் பாதிக்கும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

இனிப்புநீர் ஒரு முறை மருந்து சாப்பிட்டுத் தீரும் காய்ச்சல் அல்ல. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, கால் பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வருகை. 1 வெள்ளி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதுவே 20, 30 என்றானால், ஒரு வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் நோய் இருந்தால், எதைக் குறைப்பார்கள்? வாடகையைக் குறைக்க முடியாது, பள்ளிப் பேருந்துக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று மருத்துவர் சந்திப்பைத்தான் தள்ளிப் போடுவார்கள்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. மாதத்தில் 26 நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். தனியார் கிளினிக்கில் மருந்தோடு ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால், கிட்டத்தட்ட அந்த ஒரு நாள் சம்பளம் போய்விடக்கூடும். நாள் சம்பளக்காரர் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனாலும் அரை நாள் வேலை போகிறது. ஆகவே 1 வெள்ளி என்பது அவர் கொடுக்கும் உண்மையான விலை அல்ல. பேருந்துக் கட்டணம், இழந்த சம்பளம், காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டுத்தான் முகப்பில் அந்த ஒரு வெள்ளியை நீட்டுகிறார்.

தவிர்த்த சிகிச்சையின் செலவு எங்கும் மறைந்துவிடாது. கவனிக்காத இனிப்புநீர் சில ஆண்டுகளில் சிறுநீரகத்தைப் பாதிக்கும், காலை எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். வாரத்திற்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் செலவில் பெரும் பங்கை மீண்டும் அரசாங்கமோ, சொக்சோவோ, அறவாரியங்களோதான் ஏற்க வேண்டும். முகப்பில் மிச்சம் பிடித்த பணம் டயாலிசிஸ் மையத்தில் பல மடங்காகச் செலவாகும்.

இன்னொரு பிரிவினரும் இருக்கிறார்கள். குடிமக்கள் அல்லாதோருக்கான மருத்துவக் கட்டணம் 2015 முதல் கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டது. அது வெளிநாட்டினருக்குத்தானே என்று பலரும் பேசாமல் இருந்தார்கள். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து, அடையாள அட்டை இல்லாமல் தவிக்கும் இந்தியர்களும் உண்டு. முகப்பில் அட்டையைக் காட்ட முடியாதவர் குடிமக்கள் கட்டணத்தைக் கோர முடியாது. ஆவணப் பிரச்சினை எப்படி ஆரோக்கியப் பிரச்சினையாகிறது என்பதற்கு இதுவே சான்று.

என்ன செய்யலாம்?

கட்டணத்தை எதிர்ப்பதோடு கடமை முடிந்துவிடாது. 1 வெள்ளியைக் காப்பாற்றிவிட்டு, ஐந்து மணி நேரக் காத்திருப்பையும் அப்படியே விட்டுவைத்தால், வசதியுள்ளவர்கள் தாமாகவே தனியார் பக்கம் போய்விடுவார்கள். ஏழைகள் மட்டுமே பயன்படுத்தும் சேவையாக அது மாறினால், அதற்காகக் குரல் கொடுக்கச் செல்வாக்குள்ளவர்கள் இருக்க மாட்டார்கள். அரசாங்க மருத்துவமனையில் அமைச்சரின் உறவினரும் படுத்திருந்தால்தான் அங்கே மின்தூக்கி பழுதானால் உடனே சரிசெய்யப்படும்.

நீண்டகால நோயாளிகளுக்கு அஞ்சல் வழி மருந்து அனுப்பும் திட்டமும், சில கிளினிக்குகளில் வேலை நேரத்திற்குப் பின் சேவையும் ஏற்கெனவே உள்ளன. பலருக்கு இவை தெரியவில்லை. 2023 ஜூனில் தொடங்கிய மடானி மருத்துவத் திட்டத்தின் கீழ், உதவி பெறும் குறைந்த வருமானக் குடும்பங்கள் தனியார் கிளினிக்கில் சிகிச்சை பெற, அரசாங்கம் பணம் செலுத்தியது. நோயாளியிடம் வாங்காமல், பொதுப் பணத்தைக் கொண்டு தனியார் மருத்துவரின் நேரத்தை வாங்க முடியும் என்பதை அது காட்டியது. வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றால், உடல் நலமாக இருக்கும்போது வரியாகக் கொடுக்கட்டும். நோயுற்று நிற்கும் வேளையில் யாரிடமும் பேரம் பேச வேண்டாம்.

2023 ஜூனில் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றது. வரும் ஆண்டுகளில் சுகாதாரத்திற்கான நிதியை எப்படித் திரட்டுவது என்பது அதன் முக்கியப் பகுதிகளில் ஒன்று. அதாவது, கட்டணம் பற்றிய பேச்சு மறுபடியும் வரும். வேறு பெயரில், அழகான சின்னத்தோடு வரும்.

அப்போது நேயர்கள் தங்கள் வட்டாரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். புதிய திட்டத்தில் ஒரு முறை மருத்துவரைப் பார்க்க எவ்வளவு கட்ட வேண்டும்? கட்ட முடியாதவரை அடையாளம் காண்பது யார், எந்தத் தாளைக் கொண்டு? பணம் கட்டுபவர், கட்டாதவர் இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்களா? இம்மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்கும்வரை, அந்தத் திட்டம் எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், ஆதரவைக் கையில் வைத்திருப்பதே நல்லது.

1999-இல் ஒரு பெரிய திட்டம் நின்றதற்குக் காரணம், மக்கள் நேரத்தோடு கேள்வி கேட்டதுதான். ஜாலான் பேராக் கிளினிக்கில் எண் சீட்டோடு காத்திருக்கும் அந்த முதியவர் அடுத்த மாதமும் தவறாமல் வர வேண்டும். அவரது பெயர் அழைக்கப்படும்போது, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துத் தயங்காமல் அவர் எழுந்து போக வேண்டும்.